யாரும் பேசவில்லை, சாப்பாடு போட்டார்கள்

1961 ஜூன் 2, வெள்ளி

கப்பல் பதினொரு நாள் ஆட்டின ஆட்டத்தில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. இன்று காலை ஒருவழியாகத் தெராமோ தீவில் இறங்கினோம். இறங்கின பிறகும் தரை ஆடுகிறது.

கமிஷனில் மூன்று பேர். நான் நாலாவது, ஆனால் ஆள் கணக்கில் வரமாட்டேன், டைப்ரைட்டரோடு சேர்த்து ஏற்றின சாமான். தலைவர் விட்கோம் துரைக்குத் தாணுமாலயன் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. 'தானு' என்று சுருக்கிவிட்டார். சுருக்கெழுத்துக்காரனுக்குச் சுருக்கின பெயர், இருந்துவிட்டுப் போகட்டும்.

வந்த வேலை இது. வெள்ளைக்கார நிர்வாகம் இங்கே ஐம்பது வருஷமாக நடக்கிறது. பள்ளிக்கூட வாத்தியார்கள் சிலர் கூடி, 'இரண்டு வருஷத்தில் போய்விடுங்கள், எங்களை நாங்களே ஆண்டுகொள்கிறோம்' என்று மனு அனுப்பியிருக்கிறார்கள். நிர்வாகத்துக்கு இன்னும் பத்து வருஷம் இருக்க ஆசை. வடக்குப் பக்கத்தில் உரத்துக்காகும் பாஸ்பேட் மண்ணைத் தோண்டி முடித்தாயிற்று, தெற்கு முனை பாக்கி இருக்கிறது. 'நாலு வாத்தியார் சொன்னால் போதுமா, ஜனங்களையே நேரில் கேட்போம்' என்று எங்களை அனுப்பியிருக்கிறார்கள். ஜனங்கள் சொல்வதை நான் எழுத வேண்டும். அவ்வளவுதான் என் பாடு.

ஜூன் 4, ஞாயிறு

கடலில் கால் நனைக்கப் போய்ப் பவளப்பாறையில் பாதத்தைக் கிழித்துக்கொண்டேன். கன்னியாகுமரிக் கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது தேவைதான்.

மருந்து போட்ட நர்ஸ் பெயர் மெரேவா. தெற்கு முனைக்காரி, முப்பது வயது இருக்கும். கமிஷனுக்கு மொழிபெயர்ப்பாளரும் அவள்தான். இங்கிலீஷில்தான் பேசுகிறாள், எழுத உட்கார்ந்தால் எனக்கு அது நம் பேச்சாகத்தான் வருகிறது.

"பவளக்கல்லு வெட்டினா லேசுல ஆறாது. தினமும் வந்து கட்டு மாத்திக்கங்க" என்றாள். பிறகு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்க ஊர்லயும் இவங்கதானே ஆண்டாங்க? எப்படிப் போகச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

நான் சொல்லவில்லை, வேறு ஆட்கள் சொன்னார்கள், நான் அப்போது டைப் படித்துக்கொண்டிருந்தேன் என்றேன். சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 8, வியாழன்

தபால் கப்பல் வந்தது. அம்மாவின் கடிதம், நாகர்கோவிலிலிருந்து புறப்பட்டு ஐந்து வாரம் ஆகிறது. தங்கை பகவதியைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை பூதப்பாண்டி பக்கம், தோப்பும் துரவும் உண்டு.

'எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு மக்கா. பகவதி ஒண்ணும் சொல்லல, குனிஞ்ச தல நிமிரல. சம்மதம்தான், கேட்டியா. நீ ஒரு வார்த்த எழுதினா ஆவணியில வச்சிரலாம்.'

அப்பா இல்லாத வீட்டில் அந்த ஒரு வார்த்தைக்கு உரிமை என்னுடையது. 'கொள்ளாம், நடத்துங்க' என்று எழுதி அதே கப்பலில் போட்டேன். பெண் வாய் திறக்காமல் இருந்தால் சரி என்றுதானே அர்த்தம்? சித்திக்கும் அப்படித்தான் நடந்தது, அம்மாவுக்கும் அப்படித்தான்.

ஜூன் 10, சனி

இங்கேயும் ஒரு பெண் கேட்கும் சடங்கு பார்த்தேன். மெரேவாவின் வீட்டுக்கு அடுத்த வீடு. மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர் பாயில் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். பெண் வீட்டார் மூன்று முறை கை தட்டினார்கள். உடனே ஆளுக்கொரு தேங்காயும் துருவியும் கொண்டுவந்து விருந்தாளிகள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்! மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை, வேட்டி மாதிரி ஒன்றை, மடித்துக் கட்டிக்கொண்டு துருவ உட்கார்ந்தார்.

நம் ஊரில் சம்பந்தியிடம் தேங்காயைக் கொடுத்துத் துருவச் சொன்னால் அன்றைக்கே உறவு முறிந்துவிடும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கட்டிய காலை நீட்டிக்கொண்டு ஓரமாக இருந்தேன். எனக்கு யாரும் தேங்காய் கொடுக்கவில்லை.

ஜூன் 14, புதன்

இன்று பெரிய கூட்டம். தெற்கு முனையில், ஓலை வேய்ந்த மன்று. ஐந்நூறு பேர் இருப்பார்கள். குடும்பத்துக்கு ஒரு தூண், அவரவர் தூணடியில் அவரவர். தலைக்கட்டுப் பெரியவர் தபோக்கி நடுவில்.

விட்கோம் துரை எழுந்து பேசினார். சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டார்: "நிர்வாகம் இன்னும் பத்து ஆண்டு இங்கே இருப்பதில் உங்களுக்குச் சம்மதமா?" மெரேவா அதை அவர்கள் மொழியில் சொன்னாள். அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

பதில் இல்லை. ஐந்நூறு பேரும் கண்ணைத் தாழ்த்திப் பாயைப் பார்த்தார்கள். குழந்தைகூட அழவில்லை. என் பென்சில் நின்றுபோயிற்று. சுருக்கெழுத்தில் பேச்சுக்குத்தான் கோடும் புள்ளியும். பேசாததற்கு ஒன்றும் கிடையாது. துரை இரண்டாம் முறை கேட்டார். அதே அமைதி.

பிறகு பெண்கள் எழுந்து சாப்பாடு கொண்டுவந்தார்கள். சுட்ட மீன், ஈரப்பலா, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பு, பதநீர். இலை மேல் இலை. இவ்வளவு உபசாரத்தை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. எங்களைத் தவிர ஒருவரும் சாப்பிடவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரைக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்படிப்பட்ட ஜனங்கள்!" என்றார். நான் மூன்றாம் முறை மீன் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 15, வியாழன்

நடவடிக்கைக் குறிப்பை டைப் செய்தேன். துரையின் பேச்சு நாலு பக்கம். ஜனங்களின் பதில் என்ற இடம் வந்ததும் கை தானாகவே அடித்தது: 'முன்மொழிவு ஆட்சேபமின்றி ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.'

ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்த ஆறு வருஷமும் அடித்த வாக்கியம். தலைவர் 'ஆட்சேபம் உண்டா?' என்று கேட்பார். எல்லார் கண்ணும் போண்டாத் தட்டில் இருக்கும். யாரும் பேசமாட்டார்கள். ஏகமனது. பிறகு போண்டா.

துரை படித்துவிட்டு என் தோளில் தட்டினார். "நல்ல வாக்கியம், தானு."

ஜூன் 16, வெள்ளி

டைப்ரைட்டர் ரிப்பன் மாற்றினேன். கையெல்லாம் மை.

ஜூன் 23, வெள்ளி

மெரேவா கட்டு மாற்றிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"அப்போ ரெண்டு வருஷம்தானே? அதுக்குள்ள எங்களுக்கு ரெண்டு டாக்டராவது வேணும். இப்பவே பிள்ளைங்கள படிக்க அனுப்பணும்."

"ரெண்டு இல்ல, பத்து" என்றேன். "நீங்க எல்லாரும் ஒத்துக்கிட்டீங்களே."

அவள் கை நின்றது. "யாரு ஒத்துக்கிட்டா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலியே."

"அதான் சொன்னோமே!"

என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு பொறுமையாக, காய்ச்சல்காரனுக்கு மருந்து வேளை சொல்வது போல, சொன்னாள். வீடு தேடி வந்தவன் முகத்துக்கு நேரே மாட்டோம் என்று சொல்லக் கூடாது. பேசாமல் இருக்க வேண்டும். கேட்டதைக் கொடுக்க முடியாதபோது அவன் வெறும் வயிற்றோடு திரும்பக் கூடாது, அதனால் சாப்பாடு போட வேண்டும். மறுப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய விருந்து. சம்மதம் என்றால் மூன்று கைதட்டு, அப்புறம் விருந்தாளி ஏது? அவனும் வீட்டு ஆள். தேங்காயைக் கையில் கொடுத்து வேலை வாங்குவார்கள்.

"அதுக்காக மூணு நாள் மீன் புடிச்சோம். தெராமோவுல யாருக்கும் அவ்வளவு பெரிய சாப்பாடு போட்டதில்ல" என்றாள். "வெள்ளைக்காரங்களுக்குத் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியும். நீங்க இருக்கீங்களே, அடுத்த வீட்டுச் சடங்கப் பாத்தவரு, சொல்லிடுவீங்கன்னு நெனச்சோம்."

மூன்றாம் முறை வாங்கின மீன் ஞாபகம் வந்தது. அப்படியே எழுந்து நொண்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்த வழியில் கம்பியில்லாத் தந்தி ஆபீசுக்குப் போய் அம்மாவுக்குத் தந்தி கொடுத்தேன். 'கல்யாணத்தை நிறுத்தவும். பகவதியிடம் தனியாகக் கேட்கவும். வாய் திறந்து சொல்லச் சொல்லவும்.' கால் மணி நேர வேலை.

ஜூன் 24, சனி

குறிப்பை ஸ்டென்சிலில் ஏற்றியாயிற்று. இன்னும் பிரதி எடுக்கவில்லை. ஸ்டென்சிலில் தப்பை அழிக்கிற சிவப்பு மருந்து ஒரு புட்டி முழுதாக இருக்கிறது. ஒரு வரியை அழிக்க அரைச் சொட்டு போதும்.

ஜூன் 27, செவ்வாய்

மெரேவா ஆபீசுக்கே வந்துவிட்டாள். தபோக்கியிடமும் மற்றவர்களிடமும் இன்னும் சொல்லவில்லையாம். சொன்னால் மனம் உடைந்துபோவார்கள் என்றாள்.

"நீங்களே தொரைகிட்ட சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். நர்ஸு வேலைய பாருங்கன்னுட்டார். எழுதுறது நீங்கதானே? 'மாட்டோம்னு சொன்னாங்க'ன்னுகூடப் போட வேண்டாம். நடந்தத மட்டும் போடுங்க. யாரும் பேசவில்லை, சாப்பாடு போட்டார்கள். அவ்வளவுதான். படிக்கிறவன் எவனாவது ஒருத்தன் என்னடா இதுன்னு கேப்பான்ல?"

"பார்க்கிறேன்" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நம் ஊர் ஆபீசில் பார்க்கிறேன் என்றால் என்னவென்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 1, சனி

தந்திக்குப் பதில் வந்தது. 'கேட்டேன். வேண்டாமாம். பெண் பார்த்த நாளிலிருந்து அழுதிருக்கிறாள். நிறுத்திவிட்டேன். அம்மா.'

இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் வளர்ந்தவளின் மௌனத்தையே தப்பாகப் படித்தவன் நான். தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். திங்களன்று துரையிடம் பேசிவிட வேண்டும். இதைக் காட்டியே பேசலாம்.

ஜூலை 3, திங்கள்

பேசினேன். பேசத் தொடங்கினேன் என்பதுதான் சரி.

"சார், அன்னைக்குக் கூட்டத்துல யாரும் பதில் சொல்லல. அவங்க வழக்கப்படி அது…"

துரை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யாராவது ஆட்சேபம் சொன்னாங்களா, தானு?" என்றார்.

"இல்ல சார்."

"சொல்லாத ஒண்ண நீங்க எழுதுவீங்களா?"

எழுதித்தானே வைத்திருக்கிறேன், ஏகமனதாக என்று! அதை அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவர் மேஜை மேலிருந்த ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பினார். நிர்வாகத்தின் தலைமைச் செயலகத்தில் எனக்கு நிரந்தர வேலை கொடுக்கச் சொல்லிச் சிபாரிசு. என் பெயரை முழுதாக, ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார். பார்த்துப் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

"அப்போ இதுல நமக்குள்ள வேறுபாடு ஒண்ணும் இல்லையே?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. தந்தி பையிலேயே இருந்தது. அவர் தலையசைத்துவிட்டுக் குறிப்பில் கையெழுத்துப் போட்டார். பிறகு தன் கையாலேயே எனக்கு டீ ஊற்றி, பிஸ்கட் தட்டையும் நகர்த்தினார்.

பிற்பகல் அறுபது பிரதி எடுத்தேன். மை திட்டில்லாமல் நன்றாக விழுந்திருந்தது.

ஜூலை 4, செவ்வாய்

மழை. கால் ஆறிவிட்டது, கட்டு மாற்றப் போகவில்லை.

ஜூலை 6, வியாழன்

கப்பல் பத்து மணிக்கு. மெரேவா துறைக்கு வந்திருந்தாள். நான் பார்க்காத மாதிரி பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தேன். நேரே வந்து நின்றாள்.

"அந்த வரியப் போட்டீங்களா?"

போட்டேன் என்று பொய் சொல்லலாம். முடியவில்லை என்று உண்மையைச் சொல்லலாம். நான் குனிந்து காலடியில் இருந்த துறைப் பலகையைப் பார்த்தேன்.

"சரி, புரிஞ்சுது" என்றாள்.

புரியாமல் என்ன? அவர்கள் வழக்கப்படி நான் அந்தத் தீவில் சொன்ன ஒரே பதில் அதுதான். தோளில் தொங்கின கூடையிலிருந்து களிம்புப் புட்டியை எடுத்து, பாதம் வெடித்தால் போட்டுக்கொள்ளும்படி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பதில் என்னை அறைந்திருக்கலாம்.

1974 செப்டம்பர் 11, புதன்

மறுபடியும் தெராமோ. இந்த முறை கப்பலில் மூன்றே நாள். நாளை மறுநாள் சுதந்திரம். செயலகத்திலிருந்து யாராவது ஒருவர் போக வேண்டும் என்றார்கள். வெட்கத்தை விட்டு நானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

பத்து என்று நான் அடித்தது பதின்மூன்றாக நீண்டுவிட்டது. கமிஷன் அறிக்கையை நீட்டி நீட்டியே காலத்தை ஓட்டினார்கள். ஒவ்வொரு முறை வாத்தியார்கள் மனுப் போட்டபோதும் என் வாக்கியத்தை எடுத்துக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கோப்புகள் என் மேஜை வழியாகத்தான் போயின.

பகவதி இப்போது பள்ளிக்கூட டீச்சர். முப்பது வயதில், தனக்குப் பிடித்த ஒரு டிராயிங் மாஸ்டரைக் கட்டிக்கொண்டாள். போன லீவில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்காகத் தந்தி அடிச்ச அதே கைதானே அண்ணே?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

தெற்கு முனையைப் பார்க்கப் போனேன். முனை இல்லை. தென்னைகள், பெண் கேட்டார்களே அந்த வீடு, அந்தப் பெரிய மன்று, ஒன்றும் இல்லை. மண்ணை வழித்து எடுத்த பிறகு வெள்ளைப் பாறைகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன, ஈறு போன பல் மாதிரி. மெரேவாவின் ஊர்க்காரர்களை வடக்கே தகரக் கொட்டகைகளில் குடிவைத்திருக்கிறார்கள். அவள் அம்மாவைப் புதைத்த இடத்தையும் தோண்டிவிட்டதாக டிரைவர் சொன்னான். இரண்டு வருஷத்தில் நிர்வாகம் போயிருந்தால் இங்கே மண்வெட்டியே வந்திருக்காது.

நான் எழுதின ஒரு வரி. அரைச் சொட்டு மருந்தில் போயிருக்கும்.

செப்டம்பர் 13, வெள்ளி

காலையில் கொடி ஏறியது. வடக்கே புதிதாகக் கட்டின மன்றில் கூடினார்கள். தபோக்கி போய்ச் சேர்ந்துவிட்டார். மெரேவாவுக்குத் தலை நரைத்துவிட்டது, சுகாதார மந்திரி. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள், முதலில் என் பாதத்தைத்தான் பார்த்தாள்.

ஒரு மூலையில் தேங்காய்க் குவியலும் துருவிகளும் இருந்தன. காலையிலேயே பாதிச் சமையல் முடிந்திருந்தது, மீதியை ஊர் முழுக்கச் சேர்ந்து சமைக்கப் போகிறது.

பேச்செல்லாம் முடிந்ததும் நான் எழுந்தேன். பேச எனக்கு அனுமதி இல்லை, நான் விருந்தினர் பட்டியலில் கடைசி ஆள். மெரேவா பக்கம் பார்த்தேன். தலையசைத்தாள். அவள்தான் மொழிபெயர்த்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வாக்கியத்தை நான்தான் அடித்தேன் என்றேன். தெரிந்த பிறகும் மாற்றவில்லை, வேலைக்கு ஆசைப்பட்டேன், பையில் தந்தியை வைத்துக்கொண்டு டீ குடித்தேன் என்றேன். 'என்னை மன்னிப்பீர்களா?' என்று கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. மெரேவாவின் குரல் உடையவில்லை. ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

தூணுக்குத் தூண் பார்த்தேன். எல்லாக் கண்களும் தாழ்ந்தன. குழந்தை ஒன்று சிணுங்கியது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். ஒரு கைதட்டு கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

மெரேவா எழுந்தாள். தேங்காய் இருந்த மூலையைப் பார்த்து நடந்தாள். ஒரு துருவியை எடுத்து என் கையில் கொடுத்தால் போதும், சாகிறவரை உட்கார்ந்து துருவுவேன். அவள் குவியலைத் தாண்டிப் போனாள். திரும்பி வந்தபோது கையில் இலை இருந்தது.

என் முன்னால் பாயை விரித்து உட்காரச் சொன்னாள். சுட்ட மீன், ஈரப்பலா, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பு. அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் வந்தார்கள். இலை மேல் இலை. எனக்கு மட்டும்.

"சாப்பிடுங்க" என்றாள், அன்பாகவே.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.